ரிங்லெட்டில் விடியற்காலை டீசல் வண்டி ஏன் அடம்பிடிக்கிறது?

2019இல் மலேசியாவின் எண்ணெய் நிலையங்கள் பி10 டீசலுக்கு மாறியபோது மூன்று மேட்டுப் பகுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது: கேமரன் மலை, கெந்திங் மலை, சபாவில் குண்டாசாங். அங்கே பி7 தொடர்ந்தது. பி10 என்றால் நூறு லிட்டரில் பத்து லிட்டர் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல். பி7 என்றால் ஏழு லிட்டர். இந்த மூன்று லிட்டருக்காகத் தனி ஏற்பாடு செய்யக் காரணம், செம்பனைப் பயோடீசல் சுமார் 15 டிகிரி செல்சியஸிலேயே மங்கி, மெழுகுத் துகள் கட்டத் தொடங்கிவிடும் என்பதுதான். கேமரன் மலையின் தானா ராத்தா டவுனில் விடியற்காலை வெப்பநிலை பல நாள் அந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கிறது.

அதற்காக, அதே மலையின் ரிங்லெட் டவுனிலும் மேலே தேயிலைத் தோட்ட லயங்களுக்குப் பக்கத்திலும் காலை ஆறு மணிக்கு இருமிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு ஹைலக்ஸுக்கும் லேண்ட் ரோவருக்கும் எண்ணெய்மேல் பழியைப் போட முடியாது. "குளிருக்கு வண்டி எடுக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. 15 டிகிரி என்பது டீசல் இஞ்சினுக்குக் குளிரே இல்லை. மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, கேமரன் மலையில், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. கனடாக்காரருக்கு அது சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே போகிற நாள். நல்ல நிலையில் இருக்கும் டீசல் இஞ்சின் 7.8 டிகிரியிலும் இரண்டு மூன்று விநாடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வண்டியில் ஏற்கெனவே ஒரு குறை இருக்கிறது. கீழே தாப்பாவில் 24 டிகிரி காலையில் மறைந்துகிடந்த குறை, மலையேறி வந்து வெப்பம் ஒன்பது பத்து டிகிரி இறங்கியதும் வெளியே வந்துவிடுகிறது. எந்தக் குறை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சூடு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் இஞ்சினில் பொறி இருக்கிறது. டீசலில் இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்த, அந்த அழுத்தத்தில் காற்று சூடாகி, அதில் தெளிக்கும் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு அழுத்துகிறது என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். பழைய சீரீஸ் லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் டீசலில் 23 மடங்கு. டொயோட்டாவின் பழைய 2எல், 5எல் இஞ்சின்களில் சுமார் 22 மடங்கு. பின்னாளில் ஹைலக்ஸில் வந்த 2ஜிடி இஞ்சினில் 15.6 மடங்குதான்.

இருபது மடங்கு அழுத்தும் ஒரு இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் வழியாகக் கொஞ்சம் சூடு போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் உள்ளே வந்த காற்று அழுத்தத்தின் முடிவில் சுமார் 470 டிகிரிக்குப் போகும். 15 டிகிரியில் வந்தால் 435. மைனஸ் 20இல் வந்தால் 350. அதாவது வெளியே ஒரு டிகிரி குறைந்தால் உள்ளே ஏறக்குறைய இரண்டரை டிகிரி குறைகிறது. தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் இப்படிப் போவது வெறும் 20, 25 டிகிரி. அது மட்டும் ஒரு வண்டியை நிறுத்திவிடாது.

நிறுத்துவது வேறு. இந்தக் கணக்கெல்லாம் பிஸ்டன் வேகமாக ஏறும், காற்று கசியாது என்ற நம்பிக்கையில் போடுவது. ஸ்டார்ட்டர் இஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் ஒரு தடவை அழுத்துவதற்கு 0.15 விநாடி ஆகிறது. பேட்டரி சோர்ந்து 100 சுற்றுக்கு இறங்கினால் 0.3 விநாடி. அந்தக் கூடுதல் நேரம் முழுதும் சூடு குளிர்ந்த இரும்புக்குப் போகிறது, காற்று பிஸ்டனைச் சுற்றியிருக்கும் தேய்ந்த ரிங் வழியாகக் கீழே இறங்குகிறது. முடிவு வெப்பநிலை அதில் நூறு டிகிரிகூடக் குறையலாம். இதோடு உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் அதே அளவு குறைவு. நல்ல இஞ்சின் இதைக் கவனிக்கவே கவனிக்காது. இரண்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் காய்கறிக் கூடை சுமந்த இஞ்சின் கவனிக்கும்.

முதலில் புகையைப் பாருங்கள்

பட்டறைக்குப் போன் போடுவதற்கு முன்னால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வந்தால், எண்ணெய் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. குறை சூட்டில்: ஹீட்டர் பிளக் (எடுப்பதற்கு முன் சிலிண்டரை மின்சாரத்தில் சூடாக்கும் பிளக்), சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு). புகையே இல்லை என்றால் எண்ணெய் போகவே இல்லை. குறை டாங்கிக்கும், எண்ணெயைத் தெளிக்கும் இஞ்செக்டருக்கும் இடையில்: காற்று, அடைத்த பில்டர், பழைய பம்ப் என்றால் எண்ணெயை நிறுத்தும் மின்சார வால்வான சோலினாய்டு. ஸ்டார்ட்டரே மெதுவாக முனகினால் இரண்டுமே இல்லை. பேட்டரிப் பக்கம் போங்கள். எடுத்த உடனே நன்றாக ஓடி, பத்து விநாடியில் அணைந்தால் பெரும்பாலும் காற்று, அல்லது பில்டர் அடைப்பு.

இந்த நான்கைச் சொல்லத் தெரிந்தால் பட்டறையில் ஃபோர்மேன் பாதி நேரம் மிச்சப்படுத்துவார், நீங்கள் பாதிக் காசு மிச்சப்படுத்துவீர்கள். "காலையில ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் அவர் முதலில் மாற்றுவது பேட்டரியாகத்தான் இருக்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. காலையில் அடம்பிடித்து மத்தியானம் சூட்டில் சரியாக எடுத்தால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்கலாம். காலையில் சரியாக எடுத்து, சூடான பிறகு நிறுத்தி மறுபடி எடுக்கும்போது அடம்பிடித்தால் காமன் ரெயில் வண்டியில் (எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே குழாயில் எண்ணெய் அழுத்தத்தோடு நிற்கும் புதுவகை; அந்தக் குழாய்தான் ரெயில்) இஞ்செக்டர் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். ரெயிலில் ஏறக்குறைய 200 பார் அழுத்தமாவது ஏறினால்தான் இஞ்சினின் கணினி எண்ணெய் தெளிக்க விடும். சூட்டில் எண்ணெய் நீர்த்து, தேய்ந்த இஞ்செக்டர் வழியாகத் திரும்பி ஓடிவிடுவதால் அந்த அழுத்தம் ஏறாது. குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஹீட்டர் பிளக்

மேட்டு நிலத்தில் காலைத் தொல்லையில் பெரும்பங்கு இதுதான். கீழ்நாட்டில் இரண்டு பிளக் செத்திருந்தாலும் வண்டி எடுத்துவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த வண்டியை ஈப்போவில் செகண்ட் ஹேண்டாக வாங்கி மலைமேல் பிரிஞ்சாங்குக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் உண்மை தெரியும். நான்கில் இரண்டு சிலிண்டர் மட்டும் பிடித்து, வண்டி முழுதும் உதறி, வெள்ளையாகப் புகைந்து, அரை நிமிடத்தில் சரியாகிவிடும். அந்த உதறல்தான் அடையாளம்.

பிளக்கின் நுனி 850, 900 டிகிரிக்குச் சிவக்க வேண்டும். பழைய வகைக்கு அதற்கு 15, 20 விநாடி பிடிக்கும். புதியவற்றுக்கு சில விநாடி போதும். சோதிக்க இஞ்சினைக் கழற்ற வேண்டாம். நான்கு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒவ்வொரு பிளக் தலையையும் இஞ்சின் இரும்பையும் தொட்டுப் பாருங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் ஒரு ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். எண்ணே வராமல் திறந்த சுற்றாகக் காட்டினால் செத்துவிட்டது. தகட்டைக் கழற்றாமல் அளந்தால் நான்கும் சேர்ந்து ஒரே எண்ணைக் காட்டும். அது எதையும் சொல்லாது. ஓம் சரியாக இருந்தும் சூடு ஏறாத பிளக் உண்டு. அதனால் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால், சாவியை ஆன் செய்ததும் பிளக்குக்கு எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது. தொடக்கத்தில் ஒரு பிளக் 15, 20 ஆம்பியர் இழுத்து, சூடானதும் பத்து அளவுக்கு இறங்க வேண்டும்.

நான்கும் ஓம் சரி, ஆனால் மின்சாரமே வரவில்லை என்றால் ரிலே அல்லது பெரிய பியூஸ். டேஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு எரிகிறதே என்று ஏமாறக் கூடாது. பல வண்டிகளில் அந்த விளக்கு நேரக் கணக்கில் எரிந்து அணைகிறது, அவ்வளவுதான். பிளக் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

வோல்ட் எண்ணில் நடக்கும் தவறு தனிக்கதை. பழைய டொயோட்டா டீசல்களில் இருவகை உண்டு. ஒன்றில் பிளக்குக்கு 12 வோல்ட் முழுதாகப் போகும். இன்னொன்றில் 6 வோல்ட் பிளக்கை முதலில் முழு வோல்டேஜில் சட்டென்று சூடாக்கி, பிறகு ரெசிஸ்டர் வழியாக அடக்கி வைப்பார்கள். திருகு நூல் ஒன்றுதான், உருவம் ஒன்றுதான். இடம் மாறிப் போட்டால், குறைந்த வோல்ட் பிளக் சில நாளில் எரியும். 12 வோல்ட் பிளக் எரியாது, சூடும் ஆகாது. பிளக்கை மாற்றியும் சரியாகவில்லை என்று புலம்பும் வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும்; வோல்ட் பிளக்கின் உடம்பிலேயே பொறித்திருக்கும். செராமிக் பிளக்கை இன்னும் கவனமாகத் தொட வேண்டும். பலவும் 7 வோல்ட் அல்லது அதற்கும் கீழே வேலை செய்பவை. "சிவக்குதா பாப்போம்" என்று பேட்டரியில் நேராகக் கொடுத்தால் அங்கேயே முடிந்தது. கீழே விழுந்த செராமிக் பிளக்கை மறுபடி போடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு உள்ளே உடைந்தால் துண்டு சிலிண்டருக்குள் விழும்.

கேமரன் மலையில் இன்னும் ஓடும் சீரீஸ் லேண்ட் ரோவர் டீசல்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவற்றில் நான்கு பிளக்கும் ஒரே சங்கிலியில், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று செத்தால் நான்கும் போச்சு. அங்கே "இரண்டு பிளக் செத்தாலும் ஓடும்" என்ற பேச்சே கிடையாது. பலர் இதைப் புதுவகைப் பிளக்கோடு தனித்தனி இணைப்பாக மாற்றிவிட்டார்கள். மாற்றுவது சரிதான், ஆனால் பழைய மெல்லிய வயரையும் சுவிட்சையும் அப்படியே வைத்துக்கொண்டு மாற்றினால் நான்கு பிளக்கும் இழுக்கும் ஆம்பியரில் வயர் வேகும்.

பிளக்கைக் கழற்றுவது எப்போதும் இஞ்சின் சூட்டில். முந்தின நாளே அடியில் ஊடுருவும் எண்ணெயை அடித்து விடுங்கள். நகராவிட்டால் பலத்தைக் கூட்டாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, கரியை உடைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். ஹெட்டுக்குள் முறிந்த பிளக்கைத் துளையிட்டு எடுக்க ஆகும் செலவில் ஒரு செட் பிளக்கைப் பலமுறை வாங்கலாம். போடும்போது கைப்புத்தகத்தில் இருக்கும் டார்க் அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம். சின்னப் பிளக்குக்கு அது மிகக் குறைவு, நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டால் தாண்டிவிடும்.

பேட்டரி சாவது கீழே, தெரிவது மேலே

பேட்டரியைக் கொல்வது வெயில். கோலாலம்பூர், ஈப்போ வெயிலில் போனட்டுக்குள் வேகும் பேட்டரியின் தகடுகள் அரிக்கின்றன, தண்ணீர் வற்றுகிறது. ஆனால் வெயில் நாளில் இஞ்சினைச் சுற்றுவது லேசு என்பதால் சோர்வு தெரிவதில்லை. மேலே வந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு நடக்கிறது: குளிரில் பேட்டரியின் வலு குறைகிறது, குளிர்ந்து கெட்டியான இஞ்சின் எண்ணெயைச் சுற்ற வலு அதிகம் வேண்டியிருக்கிறது. அதோடு ஹீட்டர் பிளக் வேறு நாற்பது, அறுபது ஆம்பியரை முன்னாலேயே இழுத்துவிடுகிறது.

இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் என்பது நிறைந்த பேட்டரி, 12.4 முக்கால், 12.2 பாதி. ஆனால் நின்ற வோல்டேஜ் மட்டும் போதாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளவு 9.6க்குக் கீழே போனால் பேட்டரி தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. பேட்டரி மேல் இருக்கும் சிசிஏ எண் மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்பதைச் சொல்கிறது. நம் ஊரில் யாரும் அந்தக் குளிரைப் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் இரண்டு பேட்டரியை ஒப்பிட அதைவிட நேர்மையான எண் கிடையாது.

பேட்டரி புதிது, சுற்றல் மெதுவு என்றால் எர்த் வயரைப் பாருங்கள். மலையில் ஓயாத ஈரம்; பச்சைப் பூஞ்சணம் பிடித்த முனைகள் அங்கே சாதாரணம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கட்டையிலும் (கிளாம்பில் அல்ல, கட்டையில்) மறு முனையை இஞ்சின் இரும்பிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரோ முனையோ மின்சாரத்தை விழுங்குகிறது. தேய்த்துச் சுத்தம் செய்வதற்குக் காசே ஆகாது.

சரிவில் எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினீர்கள்?

இந்தக் கேள்விக்குக் கீழ்நாட்டில் அர்த்தமில்லை. மலையில் உண்டு. பெரும்பாலான பிக்கப்பில் டாங்கி பின்னால், இஞ்சின் முன்னால். குழாயில், பில்டர் தலையில், பழகிப்போன ரப்பர் இணைப்பில் எங்காவது மயிரிழை அளவு காற்றுக் கசிவு இருந்தால், வண்டியை மூக்கு மேல்நோக்கி நிறுத்தும்போது இரவெல்லாம் எண்ணெய் டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்புக்கு முதலில் கிடைப்பது காற்று. மூக்கு கீழ்நோக்கி நிறுத்திய இரவுகளில் வண்டி சரியாக எடுக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் நோய் தெரிந்துவிட்டது.

உறுதி செய்ய, காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் பில்டர் மேல் இருக்கும் கைப் பம்பை அழுத்துங்கள். இறுகும்வரை அழுத்தியபின் வண்டி உடனே எடுத்தால் காற்றுக் கசிவு நிச்சயம். இடத்தைக் கண்டுபிடிக்க, பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். எண்ணெய் வெளியே சொட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்; உறிஞ்சும் பக்கத்துக் கசிவு காற்றை உள்ளே இழுக்கும், வெளியே ஈரம்கூடக் காட்டாது. குளிரில் பழைய ரப்பர் வளையம் சுருங்கி விறைத்துப்போவதால் கசிவு விடியற்காலையில் கூடும். வண்டி சூடானதும் அடைத்துக்கொள்ளும். "பகலில் நல்லாத்தானே ஓடுது" என்பதன் காரணம் அதுதான்.

செம்பனை

பயோடீசல் செம்பனை எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து மாற்றிச் செய்வது. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் மெத்தில் எஸ்டர்களாகின்றன. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பாமிட்டிக் வகை. தனியாக எடுத்தால் அது 30 டிகிரியிலேயே திடப்பொருள். அதே அளவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் ஒலிக் வகையோ மைனஸ் 20 வரை திரவம். ஐரோப்பாவில் கடுகு இனத்து எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் குளிரைத் தாங்குவதும், நம்முடையது தாங்காததும் இந்த விகிதத்தால்தான். தானா ராத்தா வீடுகளில் சமையல் எண்ணெய்ப் புட்டியின் அடியில் காலையில் வெள்ளையாகத் தங்குவதும் இதே குடும்பத்துச் சரக்குதான்.

பி7இலோ பி10இலோ ஒரு ராத்திரிக் குளிரில் பில்டர் அடைத்துக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். மிச்சம் 90 சதவீதமோ அதற்கு மேலோ கனிம டீசல், அது எஸ்டரைக் கரைத்து வைத்திருக்கும். நடப்பது மெதுவாக. முழுதாக மாறாமல் மிஞ்சிய கொழுப்புத் துணுக்குகள் குளிரில் பிரிந்து பில்டர் தாளில் படிகின்றன. இவற்றில் சில, வெயில் வந்தாலும் மறுபடி கரைவதில்லை. பழைய டாங்கியின் சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்த அழுக்கையும் பயோடீசல் கழுவிக் கொண்டுவருகிறது. கீழே பி10 நிரப்பி வந்து வாரக்கணக்கில் மேலே நிறுத்திவைக்கும் வண்டிகளுக்கு ஆபத்து கூடுதல். அடிக்கடி ஏறி இறங்குகிறவர்கள் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ கடைசியாக நிரப்புவது நல்லது.

மெழுகைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். பயோடீசல் சாதாரண டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைக்கும். குளிர்ந்தால் அந்தத் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். காலி டாங்கியில் ஈரக்காற்றும் தன் பங்குக்கு வியர்க்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியபின், ஐம்பது வெள்ளிக்கு மட்டும் அடித்துவிட்டு ஓடுகிறவர்கள் கூடியிருந்தால் அதில் வியப்பில்லை; ஆனால் கால் டாங்கியோடு இரவுகளைக் கழிப்பது மலையில் நல்ல பழக்கமல்ல. தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுப்புச் சளியாகத் திரளும். தோட்டத்து டிரம்மிலோ பெரிய டாங்கியிலோ மாதக்கணக்கில் கிடக்கும் டீசலில் இது கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பில்டர் அடியில் இருக்கும் வடிகுழாயை மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரியும். சுத்த டீசல் வரும்வரை விட்டு மூடி, கைப் பம்பை அழுத்திக் காற்றை எடுங்கள். பில்டரைக் கைப்புத்தகம் 20,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் மலை வண்டிக்கு 10,000 என்று வைத்துக்கொள்வது நியாயம்.

இஞ்சின் எண்ணெயைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. நம் மலைக்கு 15டபிள்யூ-40 தாராளமாகப் போதும். அந்த 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20இல் சுற்ற முடிகிறதா என்று சோதித்துத்தான் எண் தருகிறார்கள். 20டபிள்யூ-50 ஊற்றிய தேய்ந்த இஞ்சின் காலையில் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றும், அவ்வளவே.

உண்மையான குளிர் எப்படி இருக்கும்

கனடாவிலோ நார்வேயிலோ இருக்கும் உறவுக்காரர் சொல்லும் குளிர் வேறு ஜாதி. அங்கே சாதாரண டீசலே மெழுகு கட்டும். அதனால் எண்ணெயையே பருவத்துக்கு ஏற்ப மாற்றி விற்கிறார்கள். ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் குளிரைத் தாங்கும் வகைகள் பல. கடைசி ஆர்க்டிக் வகை மைனஸ் 44 வரை பில்டரைக் கடக்க வேண்டும். சோதனை எளிமையானது: எண்ணெயைக் குளிரவைத்துக்கொண்டே 45 மைக்ரான் வலை வழியாக உறிஞ்சுவார்கள், 20 மில்லிலிட்டர் போக ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் அதுவே அந்த எண்ணெயின் எல்லை. கோடைக்கால எண்ணெயோடு குளிர்ப்பகுதிக்குள் போகிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். ஈப்போ எண்ணெயோடு பிரிஞ்சாங் வருவது அதன் மிகச் சின்ன வடிவம்.

மெழுகைத் தடுக்கும் மருந்து அங்கே நிறைய விற்கிறது. மங்குவதற்கு முன்னால் ஊற்றினால்தான் பலன். கட்டியான பிறகு ஊற்றினால் கரைக்காது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கம் காமன் ரெயில் பம்புக்கு ஆகாது, அதன் உராய்வைத் தடுக்கும் பசை மண்ணெண்ணெயில் போதாது. இஞ்சின் தண்ணீரைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வீட்டு மின்சாரத்தில் மாட்டுவதும் அங்கே அன்றாட வழக்கம். கேமரன் மலைக்கு இந்த மூன்றில் எதுவுமே தேவையில்லை. இங்கே கடைகளில் விற்கும் குளிர் மருந்துப் புட்டிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பில்டர் வாங்கலாம்.

எடுக்கும் முறை

விளக்கு, ஏர்கோன், வானொலி எல்லாம் அணைந்திருக்கட்டும். கியர் வண்டியில் கிளட்ச்சை முழுதாக மிதியுங்கள். கெட்டியான கியர் எண்ணெயை ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டியதில்லை. சாவியை ஆன் செய்து சுருள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். நல்ல குளிர்நாளில் சாவியை அணைத்து இன்னொரு தடவை அதே மாதிரி சூடாக்கலாம். புதிய வண்டியில் எண்ணெய் மிதியைத் தொட வேண்டாம், கணினி பார்த்துக்கொள்ளும். பழைய பம்ப் வண்டியில் பாதி மிதி உதவும். பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். பிடித்தபின் அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும், மெதுவாக ஓட்டிச் சூடாக்கலாம். அரை மணி நேரம் நின்றபடி உறுமவிட்டால் எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக் கீழே இறங்குவதுதான் மிச்சம்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சினில் அடிக்கவே கூடாது. அதில் இருப்பது ஈதர். பிளக் சிவந்திருக்கும்போது அது உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் மேலேறும்போதே கீழே அடிவாங்கி ரிங் இருக்கும் விளிம்பு உடையும். ஒரு தடவை வேலை செய்தது என்பதால் நம்பிவிடுகிறவர்கள் அதிகம்.

சரிவில் உருட்டி எடுப்பது மலையில் பழகிப்போன வித்தை. இரண்டாம் கியரில், சாவியை ஆன் செய்து, பிளக் சூடான பிறகே கிளட்ச்சை விட வேண்டும். இஞ்சின் பிடிக்கும்வரை பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் துணைவலு இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். வளைவுக்கு முன்னால் முயற்சி வேண்டாம். ஆட்டோ கியரில் நடக்காது.

கேபிள் போட்டு எடுப்பதென்றால், சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்லதன் மைனஸில், கடைசி முனையைச் செத்த வண்டியின் இஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. உதவ வரும் வண்டி எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து லோரிகளில் பலவும் 24 வோல்ட். இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். அதிலிருந்து 12 வோல்ட் ஹைலக்ஸுக்குக் கேபிள் போட்டால் ஒரு விநாடியில் ஹீட்டர் பிளக்கிலிருந்து கணினிவரை போய்விடும்.